ஊசிக்குப் போன பாலன்

அந்தக் குளிர்காலத்தில், வாசலைத் தாண்டினால் தரையில் கால் படக்கூடாதவர்கள் எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பாலன் இயேசு. இன்னொன்று நாய்க்குட்டி. பாலனுக்கு அது மரியாதை, நாய்க்குட்டிக்கு அது டாக்டர் உத்தரவு. இரண்டையும் கூடையில் வைத்துத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வந்த வம்பு அதில்தான் வந்தது.

நாய்க்குட்டி கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டது. டயர் கடை நாபோர் அதை என் சட்டைக்குள் திணித்து, "அம்மாக்காரி வண்டில அடிபட்டுட்டா, நீ வச்சுக்கோ லெயோபார்தோ" என்றான். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் நிறம், ஒரு காது நட்டுக்கொண்டு, ஒரு காது மடிந்து. நான் வேன் ஓட்டி ஓய்ந்தவன். மகள் அபிகாயில் கல்யாணமாகி மோந்தெர்ரேய்க்குப் போன பிறகு, நானும் என் மனைவி திரான்சிதோவும் கேஸ் சிலிண்டர் தீர்ந்தால்தான் பேசிக்கொள்வோம். அப்படிப்பட்ட வீட்டில் அது வந்த அன்றைக்கே என் ஒரு செருப்பைக் காணோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த நாய் எனக்கு வேண்டும், வேறெதுவும் இவ்வளவு வேண்டியிருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

திரான்சிதோ இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பேரு கீரு வச்சுடாதீங்க. பேரு வச்சா அப்புறம் அது நம்ம வீட்டு ஆளாயிடும். ஒரே ஒரு தடவை, இந்த ஜந்துவால நாலு பேர் முன்னாடி எனக்குத் தலைகுனிவு வரட்டும், அன்னிக்கே என் தம்பி பண்ணைக்குப் போயிடும். அவன் சங்கிலில கட்டிக் கோழி காக்க விடுவான்."

அவள் தம்பியின் பண்ணையை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கோழிகளே சந்தோஷமாக இல்லை. சரி என்று தலையாட்டினேன். பேரும் வைக்கவில்லை. 'டேய்' என்றுதான் கூப்பிட்டேன்.

இதற்கு நடுவில் எங்கள் பின் தெருவில் நாய்களுக்கு டிஸ்டெம்பர் வந்தது. மூக்கு ஒழுகி, கால் இழுத்து, பார்க்கவே பாவமாக இருக்கும். அடுத்த வீட்டு எர்லிண்டா அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி வைத்தியம் சொன்னாள்: எலுமிச்சம்பழத்தைக் கோத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டால் நோய் அண்டாதாம். எங்கள் ஊரில் பாதி நாய்கள் அப்படித்தான் திரியும். திரான்சிதோ உடனே ஊசி நூல் எடுத்து உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்த்து, "அது செத்தா வீடு நாறும், அதுக்குத்தான்" என்றாள்.

அந்த மாலையோடுதான் நான் அதை முதல் ஊசிக்குக் கொண்டுபோனேன். கால்நடை டாக்டர் யுரீதியா சின்னப் பெண், வாய் மட்டும் பெரிது. நாயைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். அதற்குள் நாய் இரண்டு பழத்தைக் கடித்துத் துப்பியிருந்தது.

"ஐயா, கொத்தமல்லியும் உப்பும் தூவியிருந்தா மதிய சாப்பாடு முடிஞ்சிருக்கும். நோய்க்கு இது ஆகாது, ஊசிதான் போடணும்."

ஊசி போட்டபோது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாய் ஊரே கேட்க அலறியது. மேஜையில் ஒன்றுக்குப் போனது. டாக்டரின் விரலைக் கவ்வியது. நான் மயக்கம் போட்டு நாற்காலியில் சரிந்தேன். டாக்டர் முதலில் எனக்குத்தான் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள்.

"அடுத்த ஊசிக்கு ரெண்டு பேரும் பழகிட்டு வாங்க" என்று வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினாள். தினமும் மேஜையில் நிறுத்திக் காதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உதட்டை விலக்கிப் பல்லைப் பார்க்க வேண்டும். பாதத்தை ஒவ்வொன்றாக அமுக்க வேண்டும். பிடரித் தோலை மெல்லக் கிள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு கோழி. கூடையில் வைத்துத் துணியால் மூடித் தூங்கப் பழக்க வேண்டும், அப்போதுதான் வழியில் மற்ற நாய்களைப் பார்த்துப் பயப்படாது. ஊசிகள் முழுக்க முடியும்வரை தெருத் தரையிலும் ஆஸ்பத்திரித் தரையிலும் கால் படவே கூடாது.

நான் ஒழுங்காகச் செய்தேன். குளிர்ந்த கரண்டியை நெஞ்சில் வைத்து ஸ்டெதஸ்கோப் என்றேன். பேனா மூடியால் பிடரியில் குத்தி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, முடிஞ்சு போச்சு" என்றேன். பாதி என்னைச் சமாதானப்படுத்தத்தான். திரான்சிதோ அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"நாய்க்கு ஊசி போடப் போறீங்களா, டாக்டர் பட்டம் வாங்கித் தரப் போறீங்களா?"

"பழக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கா."

"என் பிள்ளைக்கு ஊசி போட்டப்ப நீங்க பஸ் ஸ்டாண்டுல ஒளிஞ்சுக்கிட்டிருந்தீங்க. இதுக்கு மட்டும் கரண்டியும் பேனாவும்!"

அது உண்மைதான், அதனால் கோழியை இன்னும் சின்னத் துண்டாகப் பிய்த்தேன்.

இப்போது பாலன் விஷயம். எங்கள் தெருவிலேயே பேர்போன பாலன் சுரூபம் எர்லிண்டா வீட்டில்தான் இருக்கிறது. பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுரூபம், கண்ணாடிக் கண், தூக்கினால் கைக்குக் கனக்கும். கிறிஸ்துமஸில் குடிலில் படுக்க வைத்த பாலனை, பிப்ரவரி ஆரம்பத்தில் வரும் மெழுகுத்திரித் திருநாளன்று புது உடுப்பு போட்டு, கூடையில் வைத்துக் கோயிலுக்குத் தூக்கிப்போய் மந்திரிப்பது வழக்கம். தூக்கிப் போகிறவள் பாலனுக்கு ஞானத்தாய். அன்றோடு அவளும் வீட்டுக்காரியும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று கூப்பிடுவார்கள், கூடப்பிறந்தவளைவிட ஒரு படி மேல். எர்லிண்டா வருஷா வருஷம் யார் யாரையோ ஞானத்தாயாக்கினாள். திரான்சிதோ வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த வருஷம்தான் அவளுக்கு வாய்த்தது, உடுப்பு அளவெடுக்கப் பாலனும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அவள் ஒரு மாதம் தூங்கவில்லை. பாலனுக்கு டாக்டர் வேஷம் என்று முடிவு செய்தாள், டாக்டர் பாலன் நோய் தீர்ப்பார் என்று எங்கள் பக்கத்தில் அது விசேஷம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் குட்டி ஸ்டெதஸ்கோப், கையில் மருந்துப் பை, எல்லாம் அவளே தைத்தாள். கூடைக்கு மேல் போர்த்த வெள்ளை நூலில் பின்னிய துணி. கூடை வாங்கச் சந்தைக்குப் போனபோது கூடைக்காரன் ஜோடியாகத்தான் கொடுப்பேன் என்று அடம்பிடித்ததால், இன்னொன்றை வேண்டாவெறுப்பாக நாய்க்கு விட்டுக்கொடுத்தாள்.

"அதுக்குப் பழைய துண்டைப் போர்த்துங்க. என் துணியைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்."

விதி பாருங்கள், இரண்டாவது ஊசியும் திருநாளும் ஒரே நாளில் வந்தன. டாக்டரிடம் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். "பின் தெருவுல நோய் இருக்கு, தள்ளாதீங்க ஐயா. காலையில வந்திடுங்க, மதியத்துக்கு மேல நானும் தமால் சாப்பிடப் போகணும்ல?" என்றாள். தமால் என்றால் சோள மாவை இலையில் பொதிந்து அவித்தது, அன்றைக்கு எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் விருந்து.

அன்று காலை இரண்டு கூடையும் சாப்பாட்டு மேஜையில் இருந்தன. நாய் வயிறு நிறையத் தின்று தூங்கிக்கொண்டிருந்தது. கிளம்பும் நேரத்தில் பார்த்தால் பழைய துண்டு நனைந்து நாறியது. வேறு துணி தேடினேன். பீரோவில் திரான்சிதோ முதலில் பின்னி, ஓரம் கோணலாக வந்துவிட்டதென்று ஒதுக்கிய வெள்ளைத் துணி கிடந்தது. ஒதுக்கினதுதானே என்று எடுத்துப் போர்த்தினேன். பிறகு ஊசி அட்டையைத் தேடிப் படுக்கையறைக்குப் போனேன்.

வாசலில் எர்லிண்டாவின் குரல் கேட்டது. "கொமாத்ரே! பேண்டு வாசிக்கிறவங்க கிளம்பிட்டாங்க! என் பாலனை எடுத்துக்கிட்டு ஓடி வா!"

செருப்புச் சத்தம் ஓடியது. கதவு அடித்துச் சாத்தியது. நான் அட்டையோடு வந்தபோது மேஜையில் ஒரு கூடை இருந்தது. துணி மூடியிருந்தது, கனமும் சரியாக இருந்தது, சத்தம் எதுவுமில்லை. என் வளர்ப்பு எவ்வளவு நல்ல வளர்ப்பு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே ஒரு பூனைக்காரியும், கழுத்துத் தொங்கிய சேவலோடு ஒரு கிழவரும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டாள். கூடையை மேஜையில் வைத்தேன்.

"எப்படிப் பழக்கியிருக்கேன் பாருங்க டாக்டரம்மா. வழியெல்லாம் ஒரு முனகல் கிடையாது. இப்ப காதைத் தூக்கினாலும் அசையாது."

அவள் துணியை விலக்கினாள். பாலன் வெள்ளைக் கோட்டோடு, ஸ்டெதஸ்கோப்போடு, கண்ணாடிக் கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் தன் வெள்ளைக் கோட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"என்னய்யா இது, எனக்குப் பதிலா வேற டாக்டரையே கூட்டிட்டு வந்துட்டீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலன் இங்கே என்றால் நாய் எங்கே என்பது அடுத்த நொடியே மண்டையில் இறங்கிவிட்டது. தலைகுனிவு, நாலு பேர் முன்னாடி, தம்பி பண்ணை, சங்கிலி. நாலு பேரென்ன, ஊர் முழுக்க அந்தக் கோயிலில்தான் இருக்கிறது.

அதற்குள் பூனைக்காரி எட்டிப் பார்த்துவிட்டாள். "அடியாத்தா, டாக்டர் பாலன்!" என்று சிலுவை போட்டுக்கொண்டு பூனையைத் தூக்கிவந்து அவர் கோட்டில் தேய்த்தாள். சேவல்காரக் கிழவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்து, சேவலின் கொண்டையைப் பாலனின் பாதத்தில் வைத்தார். "ஊசி போட்டாச்சு, இவரும் ஒரு தடவை பாத்துடட்டும்" என்றார். சேவல் கண்ணைத் திறந்து ஒரு கூவு கூவியது. அவ்வளவுதான், தெருவில் போனவர்களும் உள்ளே வர ஆரம்பித்தார்கள்.

"நோயாளி இல்லாம நான் என்ன பண்ண?" என்றாள் டாக்டர். "கோயில்ல இருக்கு, அவ்வளவுதானே? மருந்தை ஐஸ் பெட்டில எடுத்துக்கறேன். பாலனைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு வண்டில ஏறுங்க."

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, தோளில் பாலனின் பின்னல் துணி, ஒரு கையில் பாலன், ஒரு கையில் ஐஸ் பெட்டி. எதிரே வந்தவர்கள் எல்லோரும் நின்று சிலுவை போட்டார்கள். வேன் ஓட்டிய காலத்தில் எனக்கு யாரும் இப்படி வழிவிட்டதில்லை.

கோயில் நிரம்பி வழிந்தது. நடுப்பாதையில் ஞானத்தாய்மார் வரிசை, ஆளுக்கொரு கூடை. ஒவ்வொருத்தியாகப் பீடத்துக்கு முன்னால் போய்த் துணியை விலக்குவாள், ஃபாதர் எவென்சியோ தண்ணீர் தெளிப்பார். கூட்டம் அதிகம் என்பதால் அவர் யாரையும் பார்க்காமல் தெளித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். திரான்சிதோ கிட்டத்தட்ட முன்னால் போய்விட்டாள். புதுச் சேலையில்லை, எங்கள் ஊரில் அது ஏது, ஆனால் கல்யாணத்துக்குப் போட்ட பச்சைச் சால்வை போட்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

தூணுக்குப் பின்னால் நின்று பாலனை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். "திரான்சிதோ! ஏய்!" என் பக்கத்திலிருந்தவர்கள் நான் பக்தி முற்றி ஆட்டுவதாக நினைத்து முழங்காலிட்டார்கள். அவள் திரும்பவில்லை. துணியை விலக்கினாள்.

அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அது கல்லாக நின்றது. ஃபாதர் பார்க்காமலே தண்ணீரைத் தெளித்தார். கூடைக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது.

"பாலன் தும்மினார்!" என்று முன்வரிசையில் ஒரு பார்வை மங்கிய அம்மாள் கதறி விழுந்தாள். "அற்புதம்! அற்புதம்!" பேண்டுக்காரர்கள் என்ன ஏது என்று தெரியாமல் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கூடையிலிருந்து நட்ட காது ஒன்றும் மடிந்த காது ஒன்றும் மேலே வந்தன.

ஃபாதர் முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். "இது யாரும்மா?"

"நாய், ஃபாதர்." திரான்சிதோவின் குரல் நடுங்கவில்லை. நாயைக் கையில் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் அவள் சால்வையில் தலையைப் புதைத்துக்கொண்டு கமுக்கமாக இருந்தது.

"மிருகங்களை மந்திரிக்கிற நாள் போன மாசமே முடிஞ்சுபோச்சே. லேட்டா வந்திருக்கீங்க." அவர் பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார். "பரவாயில்ல, தெளிச்சது தெளிச்சதுதான். அடுத்தவங்க வாங்க."

கோயில் முற்றத்துக்கு வந்ததும் எர்லிண்டா பிடித்துக்கொண்டாள். "என் பாலன் எங்கே? எங்க பரம்பரைப் பாலன் எங்கேடி?"

நான் தூணோரத்திலிருந்து மெல்ல நகர்ந்து வந்து பாலனை நீட்டினேன். "ஊசி போடப் போயிருந்தார்" என்று சொல்லித் தொலைத்தேன். என் வாயை நானே அடைத்திருக்க வேண்டும்.

எர்லிண்டா பாலனைப் பிடுங்கினாள். கோட்டில் பூனை மயிர் ஒட்டியிருந்தது. அவள் மூக்கு விடைத்தது. ஊரே சுற்றி நின்று பார்த்தது.

"இத பாரு கொமாத்ரே. எல்லார் முன்னாடியும் சொல்றேன். இந்த நாய் உன் வீட்டுல இருக்கிற வரைக்கும் என் பாலன் உன் வாசப்படி ஏறமாட்டார். எது வேணும்னு நீயே சொல்லிடு."

நான் திரான்சிதோவின் முகத்தைப் பார்க்கவில்லை. நாயைப் பார்த்தேன். பண்ணைக்கு அனுப்பும்போது அந்தக் கோணல் துணியையாவது கூடவே வைத்து அனுப்ப விடுவாளா என்று யோசித்தேன்.

"அப்ப சரி கொமாத்ரே" என்றாள் திரான்சிதோ. "பாலனை நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. இது எங்கயும் போகாது."

டாக்டர் யுரீதியா ஐஸ் பெட்டியோடு குறுக்கே வந்தாள்.

"அம்மா, கோபப்படாதீங்க. இன்னிக்கு இந்தக் கோயில்ல எத்தனை பாலன் டாக்டர் வேஷம் போட்டிருக்கார்? ஆனா ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்கு வந்தவர் உங்க பாலன் ஒருத்தர்தான். கழுத்துத் தொங்கின சேவல் ஒண்ணு, அவர் காலைத் தொட்டதும் கூவிடுச்சு. நான் போட்ட ஊசியில கூவுச்சோ, அவரால கூவுச்சோ, எனக்குத் தெரியாது. ஜனங்க இன்னும் வாசல்ல நிக்கிறாங்க, டாக்டர் திரும்பி வருவாரான்னு."

எர்லிண்டா பாலனைப் பார்த்தாள். பூனை மயிரை விரலால் எடுத்தாள், கீழே போடாமல் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். "என் பாலன் எப்பவும் அப்படித்தான்" என்றாள், சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி. பிறகு, "சேவல் யாருது? கூவினது எத்தனை பேர் கேட்டாங்க?" என்று விசாரித்துக்கொண்டே கூட்டத்துக்குள் போய்விட்டாள். போகிற போக்கில் திரும்பி, "கொமாத்ரே, சாயங்காலம் தமால் உன் வீட்டுலதானே?" என்று கேட்டாள்.

டாக்டர் முற்றத்துக் கல்பெஞ்சைத் துடைத்து மருந்தை எடுத்தாள். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

"நீங்க தள்ளுங்க" என்றாள் திரான்சிதோ. "சர்க்கரைத் தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

நாயை மடியில் நிறுத்தினாள். நட்ட காதைத் தூக்கிப் பார்த்தாள், மடிந்த காதைத் தூக்கிப் பார்த்தாள். உதட்டை விலக்கினாள். பாதத்தைத் தொடப் போனாள், அதற்குள் நாய் தானே காலைத் தூக்கிக் கொடுத்தது. என்னிடம் ஒருநாளும் அது அப்படிக் கொடுத்ததில்லை. கைப்பையைத் திறந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். வேகவைத்த கோழி, உப்பில்லாமல், பிய்த்துப் பிய்த்து வைத்திருந்தாள். பிடரியைக் கிள்ளிப் பிடித்து, அதன் காதோரம் குனிந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். டாக்டர் ஊசியைக் குத்தி எடுத்தது நாய்க்குத் தெரியவே இல்லை. எனக்குத்தான் கண் கொஞ்சம் இருட்டியது.

"பூசைக்குப் போன பையில கோழி எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"பூசை முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குத்தான் வரலாம்னு இருந்தேன். உங்களை நம்பி அனுப்ப முடியுமா?" அவள் என்னைப் பார்க்காமல் இன்னொரு துண்டு கோழி பிய்த்தாள். "நீங்க நாபோர் கடைக்குப் போறப்பல்லாம் நாங்களும் பழகிக்கிட்டுத்தான் இருந்தோம்."

டாக்டர் அட்டையை எடுத்தாள். "பேர் எழுதுற இடம் இன்னும் காலியா இருக்கே ஐயா."

"பேர் இல்லம்மா" என்றேன். "வைக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"கமோத்தே" என்றாள் திரான்சிதோ. எங்கள் ஊரில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு அதுதான் பேர். நாய் உடனே தலையைத் தூக்கி, வாலை அந்த ஆட்டு ஆட்டியது. புதுப் பேருக்கு எந்த நாயும் அப்படி ஆட்டாது.

"எப்பலேர்ந்துடி இந்தப் பேரு?"

"வந்த அன்னிலேர்ந்துதான். வைக்காதீங்கன்னு உங்களைத்தானே சொன்னேன்?" கமோத்தேயைக் கூடையில் வைத்து, என் தோளிலிருந்து தன் நல்ல துணியை எடுத்துப் போர்த்தினாள், கோணல் இல்லாத துணி. "அடுத்த ஊசிக்கு நானே கூட்டிட்டு வரேன் டாக்டரம்மா. இவரை விட்டா மாதாவையே தூக்கிட்டு வந்து நிப்பாரு."